பிஎச்டி முடியப் போகிறது, அறிவியல் கொள்கைப் பக்கம் போக ஆசை: எங்கே தொடங்குவது?

மின்கலம்

எல்லோருக்கும் வணக்கம். பிஎச்டி நான்காம் வருடத்தில் இருக்கிறேன். ஓய்ந்துபோன லித்தியம் அயனி பேட்டரிகளை அமிலத்தில் கரைத்து உலோகங்களைப் பிரித்தெடுப்பது என் ஆராய்ச்சி. இன்னும் ஒன்றரை வருடத்தில் தீசிஸ் கொடுத்துவிடுவேன்.

போன வருடம் பேட்டரிக் கழிவு விதிகளைப் பற்றி ஒரு கலந்தாய்வுக் கூட்டம் நடந்தது. என் கைடால் போக முடியவில்லை, என்னை அனுப்பினார். எங்கள் முறையில் கோபால்ட்டை 97 சதவீதம் வரை மீட்கிறோம் என்று ஸ்லைடு போட்டுச் சொன்னேன். எதிரில் இருந்த அதிகாரி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "கோபால்ட்டே இல்லாத பேட்டரிகள் வந்துகொண்டிருக்கின்றனவே, அவற்றை யார் காசு கொடுத்து வாங்கிப் பிரிப்பார்கள்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. நான்கு வருடமாக இதே பொருளோடு வாழ்கிறேன், அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

அன்றிலிருந்து கை ஆய்வகத்தில் இருக்கிறது, மனம் அந்தக் கூட்ட அறையில் இருக்கிறது. இந்தப் பக்கம் போக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். யாரைக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. என் துறையில் எல்லோரும் போஸ்ட்டாக் போவார்கள், இல்லையென்றால் கம்பெனிக்குப் போவார்கள். இதற்கென்று தனியாக வேலை இருக்கிறதா? இன்னொரு பட்டம் படிக்க வேண்டுமா? போனால் அறிவியல் கையை விட்டுப் போய்விடுமா? இந்த ஒன்றரை வருடத்தில் நான் செய்யக்கூடியது என்ன?

கோப்புக்காரி

வாங்க. நான் இயற்பியலில் பிஎச்டி முடித்துவிட்டு, பதினோரு வருடமாக ஒரு நாடாளுமன்ற ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். உறுப்பினர்கள் கேட்கும் அறிவியல், தொழில்நுட்பக் கேள்விகளுக்குக் குறிப்பு எழுதித் தருவது வேலை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஹார்வி புரூக்ஸ் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1960களில் பிரித்துச் சொன்னது இன்றைக்கும் உதவுகிறது: அறிவியலுக்கான கொள்கை ஒன்று, கொள்கைக்கான அறிவியல் இன்னொன்று. ஆராய்ச்சிக்கு எவ்வளவு பணம், யாருக்கு, எந்த விதியில் என்பது முதல் வகை. 1945இல் வன்னிவர் புஷ் அமெரிக்க அதிபரிடம் கொடுத்த அறிக்கையும், அதன் வழியில் 1950இல் பிறந்த தேசிய அறிவியல் அறக்கட்டளையும் அந்த வகை. மருந்து, குடிநீர், அலைக்கற்றை, பேட்டரிக் கழிவு என்று வேறு எதைப் பற்றியோ முடிவெடுக்கும் மேசையில் அறிவியல் போய் உட்காருவது இரண்டாவது வகை. இரண்டுக்கும் ஆட்கள் வேறு, படிக்க வேண்டியதும் வேறு. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டாவது வகைதான் உங்களுக்கு.

வேலை இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஆனால் "அறிவியல் கொள்கை" என்ற பெயரைப் போட்டுத் தேடினால் கொஞ்சம்தான் கிடைக்கும். அமைச்சகங்களின் தொழில்நுட்பப் பிரிவுகள், ஒழுங்குமுறை ஆணையங்கள், எங்களைப் போன்ற நாடாளுமன்றப் பிரிவுகள், அறிவியல் அகாடமிகள், ஐநா அமைப்புகள், கொள்கை ஆய்வு நிறுவனங்கள், கம்பெனிகளில் அரசுத் தொடர்பைக் கவனிக்கும் பிரிவுகள் என்று சிதறிக் கிடக்கிறது. ஒவ்வோர் இடமும் வேறு வேறு பெயரில் ஆள் எடுக்கும்.

அப்புறம், சேர்ந்த புதிதில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். கைப்பேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சு வரம்பைப் பற்றி ஒரு குழு உறுப்பினர் கேட்டிருந்தார். நான் 14 பக்கம் எழுதினேன். மின்காந்த அலை என்றால் என்ன என்பதில் தொடங்கி, திசு எப்படிச் சூடாகிறது என்பதுவரை எல்லாம் இருந்தது. ஒரு வரிகூடத் தவறில்லை. என் மேலதிகாரி அதைப் படித்துவிட்டு முதல் பக்கத்தின் மேல் பென்சிலால் ஒரே கேள்வி எழுதித் திருப்பிக் கொடுத்தார்: "இதைப் படித்துவிட்டு செவ்வாய்க்கிழமை அவர் எதற்குக் கை தூக்குவார்?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அதுதான் இந்தத் தொழில். படிப்பவருக்கு ஒரு தேதி இருக்கிறது, அந்தத் தேதியில் அவர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும், அவரிடம் பத்து நிமிடம் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்ததில் எது அந்த முடிவை மாற்றும், எது மாற்றாது என்று பிரிக்கத் தெரிய வேண்டும். ஆய்வகம் இதைச் சொல்லித் தராது. அங்கே நாம் எல்லாவற்றையும் எழுதத்தான் பழகுகிறோம்.

எட்டாம்பக்கம்

அக்கா சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன், ஒன்றைத் தவிர. இதற்கு பிஎச்டி வேண்டும் என்ற எண்ணம் இங்கே படிக்கிறவர்களுக்கு வந்துவிடக் கூடாது. நான் பொருளாதாரம் படித்தவன், முதுகலையோடு நிறுத்திக்கொண்டேன், எரிசக்தி ஒழுங்குமுறையில் வேலை செய்கிறேன். எங்கள் குழுவில் பொறியாளர், வழக்கறிஞர், புள்ளியியல்காரர் எல்லோரும் உண்டு. பிஎச்டி முடித்தவர்களிடம் ஒரு பலம் இருக்கிறது: ஓர் ஆய்வுக் கட்டுரையை எடுத்தால் இது தாங்குமா, தாங்காதா என்று சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்களிடம் நான் பார்க்கும் குறை, செலவு என்ற சொல்லே அவர்களின் குறிப்பில் வராது.

மின்கலம், நீங்கள் முடிக்கப் போகிறீர்கள், முடித்துவிடுங்கள். ஆனால் இந்த வேலைக்காக மட்டும் யாரும் புதிதாக பிஎச்டியில் சேர வேண்டாம்.

அலைவரிசை

பொறியியல் மூன்றாம் வருடம். இந்தக் கேள்வி எனக்கும் உண்டு. பொதுக் கொள்கை முதுகலை படித்தால் நேரே போக முடியுமா?

எட்டாம்பக்கம்

போகலாம் தம்பி. ஆனால் முதலில் இரண்டு வருடமாவது ஏதாவது ஒரு தொழில்நுட்பத்தில் கை வைத்துவிட்டு வாருங்கள். கொள்கை படித்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். மின் கட்டமைப்பில் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து இறங்கினால் கட்டுப்பாட்டு அறையில் என்ன நடக்கும் என்று தெரிந்த கொள்கைக்காரர்கள் குறைவு. பட்டத்தைப் பொறுத்தவரை, சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1966இல் கிறிஸ்டோபர் ஃப்ரீமன் தொடங்கிய அறிவியல் கொள்கை ஆய்வு மையம் போல இதற்கென்றே உள்ள இடங்கள் உண்டு. அங்கே படிப்பது வீண் போகாது. கடன் வாங்கிப் படிப்பதாக இருந்தால் மட்டும் பத்து முறை யோசியுங்கள்.

நாணல்

மின்கலம், உங்கள் நிலையில் இருப்பவர்களுக்கு நல்ல வாசல் ஃபெலோஷிப்தான், அதாவது கொள்கை அலுவலகம் ஒன்றில் சிறிது காலம் இருந்து வேலை பழகும் திட்டம். எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

இதில் மூத்தது அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம் நடத்துவது. 1973இல் ஏழு பேரை நாடாளுமன்ற அலுவலகங்களுக்கு அனுப்பித் தொடங்கினார்கள். இன்றைக்குப் பல நாடுகளில் இருக்கும் திட்டங்கள் அதைப் பார்த்து வந்தவை. ஆனால் அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான். பிரிட்டனில் நாடாளுமன்ற அறிவியல் தொழில்நுட்ப அலுவலகம் 1989இல் தொடங்கியது. அங்கே பிஎச்டி மாணவர்கள் படிப்பை மூன்று மாதம் நிறுத்திவைத்துவிட்டுப் போய் சிறு குறிப்பு ஒன்றை எழுதி முடித்துவிட்டுத் திரும்புவார்கள். வியன்னாவுக்குப் பக்கத்தில் லாக்சன்பர்க்கில் ஐஐஏஎஸ்ஏ என்ற ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1977லிருந்து ஒவ்வொரு கோடையிலும் பல நாட்டு பிஎச்டி மாணவர்களை மூன்று மாதம் வரவழைக்கிறது. உங்கள் தலைப்புக்கு அது பொருத்தமாக இருக்கும்.

இந்தியாவில் பிஆர்எஸ் என்ற சட்டமன்ற ஆய்வு அமைப்பு நடத்தும் லாம்ப் திட்டம் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரோடு ஓர் இளைஞரை இணைக்கிறது. ஆனால் 25 வயது வரம்பு இருப்பதால் பிஎச்டி முடித்தவர்களுக்குப் பெரும்பாலும் பொருந்தாது, அலைவரிசை பார்க்கலாம். அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கொள்கை ஃபெலோஷிப் உங்களைப் போன்றவர்களுக்கானது.

எங்கே இருந்தாலும் மூன்றைத்தான் பாருங்கள்: குடியுரிமை விதி, வயது விதி, பட்டம் கையில் இருக்க வேண்டுமா அல்லது நடுவிலேயே வரலாமா. நான் இரண்டாவதைப் பார்க்காமல் ஒரு மாதம் விண்ணப்பம் எழுதினேன்.

எழுதிப் பழக வேண்டுமென்றால் அறிவியல் கொள்கை மற்றும் ஆளுகை இதழ் என்று ஒன்று 2011லிருந்து வருகிறது. மாணவர்களும் இளம் ஆய்வாளர்களும் எழுதுவதற்கென்றே உள்ளது. அதில் வந்திருப்பவற்றைப் படித்தாலே குறிப்பின் வடிவம் பிடிபடும்.

நிலநடுக்கோடு

நான் ஒரு மாற்றுக் குரல். நில அதிர்வு ஆராய்ச்சியிலிருந்து பேரிடர் ஆலோசனைப் பக்கம் போய், மூன்று வருடம் இருந்துவிட்டு, ஆராய்ச்சிக்கே திரும்பியவன். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் இந்த இழையில் யாராவது இதைச் சொல்லியாக வேண்டும்.

இத்தாலியில் லாக்குயிலா நகரத்தில் 2009 ஏப்ரல் 6 அன்று நிலநடுக்கம் வந்து முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு, சிறு அதிர்வுகள் தொடர்ந்துகொண்டிருந்தபோது, விஞ்ஞானிகள் குழு ஒன்று அங்கே கூடியது. கூட்டத்துக்கு முன்பே ஓர் அதிகாரி தொலைக்காட்சியில், சிறு அதிர்வுகள் ஆற்றலை வெளியேற்றுவதால் நிலைமை சாதகம்தான் என்ற பொருளில் பேசிவிட்டார். அது அறிவியலே இல்லை. ஆனால் விஞ்ஞானிகள் யாரும் வெளியே வந்து அதை மறுத்துப் பேசவில்லை. 2012இல் ஆறு விஞ்ஞானிகளுக்கும் அந்த அதிகாரிக்கும் ஆறு ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2014இல் மேல்முறையீட்டில் விஞ்ஞானிகள் ஆறு பேரும் விடுதலையானார்கள். அந்த இரண்டு வருடத்தை யோசித்துப் பாருங்கள்.

நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்று அறிவியலாளராக நாம் சொல்வது சரி. ஆனால் அந்த ஊரில் இருந்தவர்களுக்கு வேண்டியிருந்த பதில் அது இல்லை: "இன்றிரவு வீட்டுக்குள் படுக்கலாமா, கூடாதா?" நாம் சொல்வதும் அவர்கள் கேட்பதும் இப்படி வேறாக இருக்கும்போது, நடுவில் யார் பேசுகிறார்கள் என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாகிவிடுகிறது. நான் இருந்த இடத்தில் என் குறிப்பில் இருந்த "ஒருவேளை" என்ற சொல்லை மேலே கொண்டுபோகும் வழியில் யாரோ எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. இதைத் தாங்க முடியுமா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொண்டு போங்கள்.

கோப்புக்காரி

நிலநடுக்கோடு, நீங்கள் இதை எழுதியதற்கு நன்றி. சேரும்போது யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

அந்த "ஒருவேளை" எனக்கும் நடந்திருக்கிறது. அதன்பிறகு நான் செய்வது இது: நிச்சயமின்மையைத் தனிச் சொல்லாக விடுவதில்லை, வாக்கியத்தின் முதுகெலும்பாகவே வைத்துவிடுவேன். "ஒருவேளை பாதிப்பு இருக்கலாம்" என்று எழுதினால் "ஒருவேளை"யை எடுத்துவிட முடியும். "இதுவரை வந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, அடுத்த வருடம் முடியும் ஆய்வு இதைத் தீர்க்கக்கூடும், அதுவரை எடுக்கும் முடிவைத் திரும்பப் பெறும்படி வைப்பது நல்லது" என்று எழுதினால் எடுக்க முடியாது. எடுத்தால் வாக்கியமே விழுந்துவிடும்.

இதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு, ஓசோன் படலத்தைக் காக்க வந்த மான்ட்ரியல் ஒப்பந்தம். மொலினா, ரோலண்ட் என்ற வேதியியலாளர்கள் இருவர், குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட சிஎஃப்சி வாயுக்கள் ஓசோனை அழிக்கும் என்று 1974இல் எழுதினார்கள். அண்டார்டிகாவின் மேல் ஓட்டை இருப்பதை 1985இல் பிரிட்டிஷ் குழு வெளியிட்டது. 1987 செப்டம்பரில் கையெழுத்தானபோது அந்த ஓட்டைக்குக் காரணம் சிஎஃப்சிதான் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டிருக்கவில்லை. விமானங்களில் போய் அளந்த குழு அதே மாதம்தான் தரவு எடுத்துக்கொண்டிருந்தது. அதனால் முதல் ஒப்பந்தம் பாதியளவு குறைப்பை மட்டுமே கேட்டது. ஆனால் விஞ்ஞானிகள் குறிப்பிட்ட இடைவெளியில் கூடி மதிப்பீடு தர வேண்டும், அதைப் பார்த்து நாடுகள் அளவை மாற்றலாம் என்று உள்ளேயே எழுதிவைத்தார்கள். 1990இல் லண்டனில் கூடி முழுமையாக நிறுத்துவது என்று இறுக்கினார்கள். வளரும் நாடுகளுக்கு உதவ நிதியமும் அப்போதுதான் வந்தது.

ஒப்பந்தத்துக்குள் அந்தக் கதவை வைக்க வேண்டும் என்று யோசித்தவர்களின் வேலைதான் நம் வேலை. அதற்கு நோபல் பரிசு கிடையாது. எனக்கு அந்த வேலை மேல் மிகுந்த மரியாதை உண்டு.

மருந்துச்சீட்டு

ஒழுங்குமுறை வேலையை யாரும் விரிவாகச் சொல்லவில்லை. அறிவியல் கையை விட்டுப் போய்விடுமா என்று கேட்டிருந்தீர்கள். மருந்து ஒழுங்குமுறையில் நான் ஆய்வகத்தில் படித்ததைவிட அதிகமாகத் தரவு படிக்கிறேன். ஃபிரான்சிஸ் கெல்சி 1960இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் சேர்ந்த அடுத்த மாதமே தாலிடோமைடு விண்ணப்பம் அவர் மேசைக்கு வந்தது. மற்ற நாடுகளில் விற்றுக்கொண்டிருந்த மருந்து, கருவில் இருக்கும் குழந்தைகளைப் பாதிக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. கம்பெனி திரும்பத் திரும்ப நெருக்கியது. "தரவு போதாது" என்று அவர் அனுமதி தரவே இல்லை. 1962இல் அங்கே மருந்துச் சட்டமே மாறியது. ஒரு மருந்தியலாளர் தன் அறிவியலை முழுதாகப் பயன்படுத்திய இடம் அது.

தரக்குறியீடு

தர நிர்ணயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் கைப்பேசிகளுக்கு ஒரே சார்ஜர் துளை என்று ஆனதே, அந்தச் சட்டத்தின் உடம்பு முழுக்கத் தர ஆவணங்கள்தான். தரக் குழுக்களில் உட்காரப் பொறியாளர் தட்டுப்பாடு எப்போதும் உண்டு. வேலை மெதுவாக நடக்கும், ஒரு சொல்லுக்கு ஆறு மாதம் வாதிடுவோம். ஆனால் அந்தச் சொல் உலகம் முழுக்கப் போகும்.

மின்கலம்

எல்லோருக்கும் நன்றி. நிலநடுக்கோடு எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. பிறகு உட்கார்ந்து எழுதினேன். பேட்டரிக் கழிவு வரைவு விதிக்குப் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அறிவிப்பு வந்திருக்கிறது, ஐந்து வாரம் இருக்கிறது. என் குறிப்பின் தொடக்கம் இது. தயங்காமல் வெட்டுங்கள்.

"லித்தியம் அயனி பேட்டரிகளின் பயன்பாடு உலகெங்கும் வேகமாக வளர்ந்துவருகிறது. இவற்றின் கழிவு சுற்றுச்சூழலுக்குக் கணிசமான அச்சுறுத்தலாகும். கரிம அமிலங்களைக் கொண்டு கரைக்கும் முறை, கனிம அமிலங்களைவிடத் தீங்கு குறைந்தது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சிட்ரிக் அமிலத்தில் கோபால்ட்டை 97 சதவீதம் வரை மீட்க முடிகிறது. எனவே இத்துறையில் மேலும் ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்கப்பட வேண்டும்."

கோப்புக்காரி

தங்கச்சி, இது நல்ல ஆய்வுச் சுருக்கம். ஆனால் இதைப் படிக்கும் அதிகாரி கையில் ஒரு வரைவு விதி இருக்கிறது. உங்கள் குறிப்பில் அந்த விதியைப் பற்றி ஒரு சொல் இல்லை. எந்தப் பிரிவை மாற்றச் சொல்கிறீர்கள்? மாற்றாவிட்டால் என்ன ஆகும்? யாருக்குச் செலவு? முதல் இரண்டு வாக்கியங்களை எடுத்துவிடுங்கள், அது தெரிந்ததால்தான் அவர் விதி எழுதுகிறார். கடைசி வாக்கியத்தையும் எடுத்துவிடுங்கள். விஞ்ஞானிகளின் முதல் குறிப்பு பெரும்பாலும் அப்படித்தான் முடியும். என்னுடையதும் அப்படித்தான் முடிந்தது.

உங்களிடம் ஏற்கெனவே நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த அதிகாரி கேட்டது. அதற்குப் பதில் எழுதுங்கள்.

எட்டாம்பக்கம்

97 சதவீதம் பீக்கரில். தொழிற்சாலை அளவில் எவ்வளவு என்று கேட்பார்கள். தெரியாவிட்டால் அந்த எண்ணையே போடாதீர்கள்.

மின்கலம்

பத்து நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். வரைவு விதியை முழுக்கப் படித்தேன், ஐரோப்பிய விதியையும் எடுத்து வரி வரியாகப் படித்தேன். மீண்டும் எழுதியிருக்கிறேன்.

"வரைவு விதி, மறுசுழற்சி இலக்கைப் பேட்டரியின் மொத்த எடையில் மட்டும் வைக்கிறது. உறை, அலுமினியம், செம்பு ஆகிய எளிய பகுதிகளை எடுத்தே ஓர் ஆலை இந்த இலக்கின் பெரும்பகுதியை எட்டிவிடலாம். லித்தியம் கழிவோடு போய்விடும். எல்எஃப்பி வகை பேட்டரிகளில் இது நடக்க வாய்ப்பு அதிகம். அவற்றில் இரும்பும் பாஸ்பேட்டும் இருக்கின்றன, கோபால்ட்டும் நிக்கலும் இல்லை. ஆலைகளுக்கு அதிக வருமானம் தருபவை அந்த இரண்டு உலோகங்கள் என்பதால், எல்எஃப்பியை விலை கொடுத்து வாங்க அவற்றுக்குக் காரணம் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 பேட்டரி ஒழுங்குமுறை எடை இலக்கோடு உலோகத்துக்கு உலோகம் தனி இலக்கும் வைத்திருக்கிறது. கழிவு பேட்டரிகளிலிருந்து லித்தியத்தை 2027 முடிவுக்குள் 50 சதவீதமும் 2031 முடிவுக்குள் 80 சதவீதமும் மீட்க வேண்டும். கோபால்ட், நிக்கல், செம்புக்கு 90, பிறகு 95.

அரசு முன் மூன்று வழிகள் உள்ளன. எடை இலக்கோடு நிற்பது: செலவு குறைவு, லித்தியம் இழப்பு தொடரும். லித்தியத்துக்குத் தனி இலக்கு வைப்பது: செலவு ஆலைகள் மேல் விழும், எல்எஃப்பியை வாங்க அவை இன்னும் தயங்கும். தனி இலக்கோடு, பேட்டரி வகைக்கு ஏற்ற கட்டணத்தை உற்பத்தியாளரிடம் வாங்கி ஆலைக்குத் தருவது: செலவு உற்பத்தியாளருக்கும் ஓரளவு வாங்குபவருக்கும் போகும், நிர்வாகச் சுமை கூடும். லித்தியம் மீட்பு நோக்கமென்றால் மூன்றாவதே அதை எட்டும்."

கோப்புக்காரி

இது குறிப்பு. இதை என் மேசையில் வைத்திருந்தால் மேலே அனுப்பியிருப்பேன்.

கடைசி வாக்கியத்தைக் கவனித்தீர்களா, "லித்தியம் மீட்பு நோக்கமென்றால்" என்று எழுதியிருக்கிறீர்கள். நோக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அவரிடமே விட்டிருக்கிறீர்கள். அது அவருடைய வேலைதான், மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

எட்டாம்பக்கம்

ரொம்ப முன்னேற்றம். ஆனால் இரண்டு இடத்தில் அடி வாங்கும். ஒன்று, விலை. லித்தியம் விலை 2022 இறுதியில் உச்சத்துக்குப் போய் 2023இல் மளமளவென்று சரிந்தது. நிலையான கட்டணம் வைத்தால் ஒரு வருடம் ஆலைக்கு லாபம் கொட்டும், அடுத்த வருடம் மூடிவிடுவார்கள். கட்டணத்தை எத்தனை மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவது என்று சொல்லுங்கள். அக்கா சொன்ன மான்ட்ரியல் கதவு மாதிரி ஒன்று உங்களுக்கும் வேண்டும்.

இன்னொன்று, போக்குவரத்து. நீங்கள் ஆலை வாசலிலிருந்து தொடங்குகிறீர்கள். பேட்டரி அங்கே எப்படி வந்து சேர்கிறது?

தரக்குறியீடு

அதை நான் சொல்கிறேன். ஐநா வகைப்பாட்டில் லித்தியம் பேட்டரி 9ஆம் வகுப்பு ஆபத்துப் பொருள். அடிபட்ட பேட்டரி என்றால் சிப்பம் கட்டும் விதி இன்னும் கடுமை, ஏனென்றால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். ஆக, அனுப்புவதற்கே தனிச் செலவு இருக்கிறது. உங்கள் மூன்று வழிகளிலும் இதை யார் ஏற்பது என்று ஒரு பத்தி வேண்டும்.

நிலநடுக்கோடு

குறை சொல்ல வரவில்லை. நன்றாக இருக்கிறது. "அவற்றுக்குக் காரணம் இல்லை" என்ற வாக்கியம் மட்டும் கொஞ்சம் அதிக உறுதியாகத் தெரிகிறது. எல்எஃப்பியை எடுத்துப் பிரிக்கும் ஆலைகளும் உலகில் இருக்கின்றன. உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த அளவுக்கு மட்டும் எழுதுங்கள்.

மின்கலம்

நிலநடுக்கோடு அண்ணா, சரிதான். "காரணம் குறைவு, லித்தியம் விலை இறங்கும் காலத்தில் இன்னும் குறைவு" என்று மாற்றிவிட்டேன்.

கைடிடம் இதைச் சொல்லப் பயந்துகொண்டிருந்தேன். நேற்றுச் சொன்னேன். அவர் குறிப்பை வாங்கிப் படித்துவிட்டு, போக்குவரத்துச் செலவு தெரிந்த ஒருவரின் தொலைபேசி எண்ணைத் தந்தார். "தீசிஸில் கடைசி அத்தியாயமாக இதை வைத்தால் என்ன?" என்றும் கேட்டார். நான் எதிர்பார்க்கவே இல்லை.

நாணல்

வைத்துவிடுங்கள்! ஃபெலோஷிப் விண்ணப்பத்தில் "கொள்கையில் ஆர்வம் உண்டு" என்று எல்லோரும் எழுதுவார்கள். செய்து காட்டிய அத்தியாயம் சிலரிடம்தான் இருக்கும்.

அலைவரிசை

ஒரு கேள்வி. இவ்வளவு உழைத்துக் கொடுத்தும் அவர்கள் எடுத்துக்கொள்ளாவிட்டால்?

கோப்புக்காரி

பெரும்பாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் தம்பி. அல்லது எடுத்துக்கொண்டது நமக்குத் தெரியவராது. அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் என்று ஒன்று இருந்தது. 1972இல் சட்டம் போட்டு உருவாக்கினார்கள். 750 அறிக்கை வரை எழுதினார்கள், உலகமே பார்த்துக் கற்றுக்கொண்டது. 1995இல் நிதியை நிறுத்தி மூடிவிட்டார்கள். ஆனால் அதைப் பார்த்து ஐரோப்பாவில் முளைத்த அலுவலகங்கள் இன்றும் வேலை செய்கின்றன, அந்த அறிக்கைகளை நான் போன மாதம்கூட எடுத்துப் பார்த்தேன். என் குறிப்பு ஒன்று நான்கு வருடம் தூங்கிவிட்டு, ஒரு விபத்துக்குப் பிறகு ஒரே வாரத்தில் விதியாக மாறியிருக்கிறது. அந்த வாரம் அது கோப்பில் இல்லாமல் இருந்திருந்தால் அவசரத்தில் வேறு எதையாவது எழுதியிருப்பார்கள்.

மின்கலம்

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பு குறிப்பை அனுப்பினேன், இரண்டு பக்கம், ஒரு அட்டவணை. நேற்று அந்த அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. குறிப்பின் முக்கியமான பரிந்துரையைப் பற்றி அவர்கள் எதுவும் கேட்கவில்லை. 9ஆம் வகுப்புப் போக்குவரத்துப் பத்தியைத்தான் விளக்கச் சொன்னார்கள். அடுத்த வியாழக்கிழமை ஒரு சிறு கூட்டம், வர முடியுமா என்று கேட்டார்கள். தரக்குறியீடு, அந்தப் பத்தி உங்களால் வந்தது.

கூட்டத்துக்கு முன்பு யாராவது ஒரு முறை பார்த்துச் சொல்ல முடியுமா? திருத்திய வடிவத்தைத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன்.

தரக்குறியீடு

படித்தேன். சிப்ப விதியின் பெயரை ஓரிடத்தில் மாற்றி எழுதியிருக்கிறீர்கள், குறித்து அனுப்பியிருக்கிறேன். மற்றபடி சரி.

கோப்புக்காரி

நானும் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் "கணிசமான" என்ற சொல் மூன்று இடத்தில் இருக்கிறது. வியாழக்கிழமைக்குள் மூன்றையும் எண்ணாக மாற்றுங்கள்.

மின்கலம்

இரண்டுக்கு எண் இருக்கிறது அக்கா, போட்டுவிட்டேன். மூன்றாவதுக்கு இல்லை. அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன்.